ஒன்-டிசைன் கீல் படகு: கடல் பந்தயத்துக்கும் குடும்பப் பயணத்துக்கும் ஒரே படகை வாங்கி ஓட்டும் முழு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையிலோ பால்டிக் கடலோரத்திலோ வசிப்பவர், வார இறுதியில் குடும்பத்தோடு கடலில் போக வேண்டும், ஆண்டில் சில முறையாவது பந்தயத்திலும் இறங்க வேண்டும், இரண்டு படகு வாங்கப் பணம் இல்லை என்ற நிலையில் இருந்தால், இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். இரண்டு வேலைக்கும் ஒரே படகு போதும். ஆனால் அது எந்தப் படகு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேகத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டாவது கோடையில் தனியாகப் படகோட்டுகிறார்கள். வீட்டில் மற்றவர்கள் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் இரண்டு அடிப்படை விஷயங்கள். ஒன்-டிசைன் என்றால் ஒரே வரைபடம், ஒரே எடை, ஒரே பாய் அளவு கொண்ட படகுகளின் வகுப்பு. ஒரே வகுப்புக்குள் நடக்கும் பந்தயத்தில் முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவரே வென்றவர். விதவிதமான படகுகள் கலந்து ஓடும் பந்தயத்தில் ஐஆர்சி போன்ற மதிப்பீட்டு முறைப்படி ஒவ்வொரு படகின் நேரத்தையும் ஒரு எண்ணால் பெருக்கி முடிவு சொல்வார்கள். முன்னால் போன படகு தோற்றது என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். கீல் என்பது படகின் அடியில் இரும்போ ஈயமோ வைத்துக் கட்டிய கனமான துடுப்புப் பகுதி. காற்று சாய்த்தாலும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலப் படகை நிமிர்த்துவது அதுதான்.

முதல் படி: படகுக்கு முன் துறையைப் பாருங்கள்

நீங்கள் படகு நிறுத்தப்போகும் துறைக்கு ஒரு பந்தய நாள் மாலையில் போய் நில்லுங்கள். எந்த வகுப்புப் படகுகள் ஐந்தாறாவது சேர்ந்து வெளியே போகின்றன? உங்கள் வகுப்பு அதுதான். உலகத்திலேயே சிறந்த வடிவமைப்பாக இருந்தாலும், பக்கத்து நாட்டில்தான் அதற்கு எதிரிகள் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் வாங்கியது ஒன்-டிசைன் படகு அல்ல, வெறும் படகு. வகுப்புச் சங்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் பழைய பாய் மலிவாகக் கிடைக்கும், பாய்மரத்தைச் சீர்செய்யும் அளவுகளைக் கேட்டால் சொல்வார்கள், விற்கும்போது வாங்க ஆளும் இருக்கும்.

இரண்டாம் படி: வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

என் கட்சி எது என்று மறைக்கப்போவதில்லை. குடும்பமும் கடல் பந்தயமும் சேர்ந்து வேண்டுமென்றால் கனமான, கொஞ்சம் மெதுவான, பழைய படகை வாங்குங்கள். மூன்று படகுகளை வைத்து அதை விளக்குகிறேன்.

நார்டிக் ஃபோக்போட். 1941-ல் ஸ்காண்டிநேவியப் படகுச் சங்கம், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு கடல் படகுக்காகப் போட்டி வைத்தது. வந்த வரைபடங்களில் எதற்கும் முதல் பரிசு தரவில்லை. நான்கு வரைபடங்களின் நல்ல அம்சங்களைச் சேர்த்து டார்ட் சுண்டேன் புதிதாக ஒன்றை வரைந்தார். 1942-ல் கோத்தன்பர்க்கில் முதல் படகு நீரில் இறங்கியது. குழு வேலையில் பிறந்தவை இவ்வளவு அழகாக அமைவது அபூர்வம். நீளம் சுமார் 7.64 மீட்டர், அகலம் 2.20, நீரில் ஆழம் 1.20. மொத்த எடை 1,930 கிலோ. அதில் பாதிக்கும் மேல் கீலில் இருக்கிறது. பாய் வெறும் 24 சதுர மீட்டர். குடும்பத்துக்கு முக்கியமான செய்தி வகுப்பு விதியில் இருக்கிறது: ஸ்பின்னேக்கர் என்ற பலூன் பாய்க்கு அனுமதி இல்லை. பெரிய பாயும் முன்பாயும் மட்டும்தான். காற்றோடு போகும்போது முன்பாயை ஒரு கம்பால் விரித்து நிறுத்துவார்கள். அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பந்தயத்தில் முழு வேலை செய்ய முடியும். குறை என்னவென்றால், அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. உட்காரத்தான் இடம்.

கன்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய படகு. 1970-களின் தொடக்கத்தில் வந்தது, 700-க்கு மேல் கட்டப்பட்டது. நீளம் 9.75 மீட்டர், எடை 4,300 கிலோவை ஒட்டி, அதில் ஏறத்தாழ பாதி கீல். இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்துப் பக்கத்துப் பாறை ஒன்றைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் கடல் பந்தயத்தில் 1979-ல் புயல் அடித்தபோது கிளம்பிய 303 படகுகளில் சுமார் 85 மட்டுமே முடித்தன. 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்த ஒரே படகு அஸென்ட் என்ற கன்டெஸ்ஸா 32. இந்தப் படகு 150 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலும், அதாவது பாய்மரம் நீருக்குள் தலைகீழாகப் போகும் நிலையிலும், தானே திரும்பி நிமிரும். உள்ளே நிற்கலாம், சமைக்கலாம், நான்கு பேர் படுக்கலாம். நீண்ட கடல் பந்தயத்துக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே படகைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பராமரிப்புச் செலவு ஃபோக்போட்டைவிட நிச்சயம் அதிகம்.

ஜே/24. ராட் ஜான்ஸ்டோன் தன் வீட்டுக் கார்ஷெட்டில் கட்டிய படகிலிருந்து வந்தது. 1977-லிருந்து தயாராகி, 5,000-க்கும் மேல் விற்றது. 7.32 மீட்டர், 1,406 கிலோ. அதில் கீல் 431 கிலோ, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நிமிர்வை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரின் உடல் எடைதான் தர வேண்டும். விரிகுடாவுக்குள் இதைப் போன்ற உற்சாகமான படகு குறைவு. ஆனால் அப்பா, அம்மா, எட்டு வயதுக் குழந்தை என்று மூன்று பேர் பலத்த காற்றில் போனால், அந்த விளிம்பில் உட்கார ஆள் போதாது. இரவுக் கடலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறிய படகு கடலுக்குப் போகாது என்று யாராவது சொன்னால் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். 1960-ல் முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹேஸ்லர், சீனப் பாய் பூட்டிய ஜெஸ்டர் என்ற மாற்றியமைத்த ஃபோக்போட்டில் 48 நாளில் கடந்து இரண்டாவதாக வந்தார். 1985-ல் பதினெட்டு வயதில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டானியா ஏபி, 1987-ல் உலகைச் சுற்றித் திரும்பினார். அவருடைய படகு கன்டெஸ்ஸா 26, அதாவது ஃபோக்போட்டின் வழிவந்தது.

மூன்றாம் படி: சுத்தியலும் டார்ச்சும்

பழைய படகு வாங்கும்போது தகுதியுள்ள சர்வேயரை, அதாவது படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை, கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அவருக்குக் காசு கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிப் படகுகளை அங்கேயே கழித்துவிடலாம். தேவை ஒரு சிறிய பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், ஒரு டார்ச், அழுக்கானால் பரவாயில்லை என்ற சட்டை.

மேல்தளத்தில் தொடங்குங்கள். ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கூர்மையாக 'டக்' என்று கேட்கும். கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே வைத்திருக்கும் லேசான பால்சா மரம் ஊறி மக்கியிருந்தால் சத்தம் மங்கி 'தொப்' என்று விழும். தடுப்புக் கம்பிகளின் அடித்தட்டைச் சுற்றியும், கயிறு சுற்றும் வின்ச்சுகளின் கீழும், பாய்மரத்தின் அடியிலும் காதைக் கூர்மையாக வையுங்கள். திருகாணி போட்ட இடத்திலெல்லாம் நீர் இறங்கும். மேல்தளத்தில் உள்ளங்கை அகலம் ஊறியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பாய்மரத்தடி முழுக்க ஊறியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ஜே/24-ல் தளம் மட்டுமல்ல, உடலின் பக்கங்களிலும் பால்சா இருப்பதால் அங்கும் தட்ட வேண்டும்.

அடுத்தது கீல். போல்ட் போட்டு மாட்டிய கீல் என்றால், உடலும் கீலும் சேரும் கோட்டில் துருக்கசிவு இருக்கிறதா, முன்பக்கம் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே போய் போல்ட் தலைகளைச் சுற்றி டார்ச் அடியுங்கள். எப்போதோ தரை தட்டிய படகு பின்பக்கப் போல்ட்டைச் சுற்றித்தான் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் கீலின் முன்னடி மோதும்போது பின்முனை மேல்நோக்கிக் குத்துகிறது. கன்டெஸ்ஸா 32-ல் கீல் எடை கண்ணாடி இழை உடலுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் போல்ட் கவலை இல்லை. ஆனால் கீலின் அடிப்பகுதியில் மோதிய காயம் வழியாக நீர் உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மர ஃபோக்போட் தனிக் கதை. பலகைமேல் பலகை படிய வைத்துச் செம்பு ஆணி அடித்த உடல் அது. உள்ளே வளைந்த விலாக்கட்டைகளில் எத்தனை முறிந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். குளிர்காலம் முழுக்கக் கரையில் காய்ந்த படகு வசந்தத்தில் நீரில் இறங்கும்போது முதல் சில நாள் ஒழுகும். பலகை ஊறி உப்பியதும் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து ஒழுகினால்தான் பிரச்சினை. ஒவ்வொரு வசந்தத்திலும் வார இறுதிகளை வண்ணப்பூச்சுக்குக் கொடுக்க மனமில்லை என்றால், 1970-களுக்குப் பிறகு வந்த கண்ணாடி இழை ஃபோக்போட்டை வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தே பந்தயத்தில் ஓடுகின்றன.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்லக்கூடும். அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். உடலுக்கு வெளியே நீர் போகும் வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். பித்தளை மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. அந்த வால்வை உடனே மாற்ற வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

நான்காம் படி: கற்றல்

பிரிட்டனில் ராயல் யாட்டிங் அசோசியேஷன் (ஆர்ஒய்ஏ) நடத்தும் ஐந்து நாள் 'டே ஸ்கிப்பர்' (பகல் பயணத் தலைவர்) பயிற்சி நல்ல தொடக்கம். வீட்டில் இன்னொருவரும் 'காம்பிடன்ட் க்ரூ' (திறமையான குழு உறுப்பினர்) பயிற்சி முடிக்க வேண்டும். இது வேண்டுமானால் செய்யலாம் என்ற விஷயம் அல்ல. படகில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்து, அவரே நீரில் விழுந்தால், மற்ற எல்லாரும் வெறும் பயணிகள்.

சிறுவர்களை டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகில் பழக விடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை உடலால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. சென்னையில் விடுமுறைக்கு வருகிறவர்கள் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் விசாரிக்கலாம். 1911-ல் தொடங்கிய சங்கம் அது.

ஐந்தாம் படி: பாயைக் குறைக்கப் பழகுங்கள்

குடும்பம் கடலை வெறுப்பதற்கு முதல் காரணம் அலை அல்ல, சாய்வு. இருபது டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தேநீர் கொட்டும், குழந்தை அழும், சுக்கான் கனக்கும், வேகமும் குறையும். ஆகவே பாயைக் குறைக்கும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். துறையில் கட்டிய நிலையில் முதலில் செய்து பாருங்கள், பிறகு கடலில்.

வரிசை இது. சுக்கானில் இருப்பவர் காற்றுக்கு நெருக்கமாகப் படகை வைத்து, முன்பாய் மட்டும் இழுக்கும்படி விடுகிறார். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் என்ற கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாயின் அடியில் படுக்கையாக நீளும் கம்பான பூமைக் கீழே இழுக்கும் கப்பியைத் தளர்த்தி, பூமின் நுனியைத் தாங்கும் கயிற்றை இறுக்குங்கள். பாயை ஏற்றும் ஹால்யார்டை, முன்பே டேப் சுற்றி அடையாளம் வைத்த இடம் வரை விடுங்கள். பாயின் முன்விளிம்பில் உள்ள வளையத்தைப் பூமின் கொக்கியில் மாட்டி, ஹால்யார்டை மீண்டும் நன்றாக இறுக்குங்கள். இப்போதுதான் பின்மூலைக் கயிறு. பாயின் அடிவிளிம்பு தட்டையாகும் வரை இழுக்க வேண்டும். முன்மூலைக்கு முன் பின்மூலையை இழுத்தால் பாய் கிழியும். கடைசியில் தாங்குகயிற்றைத் தளர்த்தி, ஷீட்டை இழுத்துக் கிளம்பலாம். தொங்கும் துணியைத் தளர்வாகக் கட்டினால் போதும். அந்தச் சிறு கயிறுகள் பாரம் தாங்குவதற்கு அல்ல.

எப்போது குறைப்பது? பந்தயத்தில் மற்ற படகுகள் குறைக்கும்போது. குடும்பத்தோடு என்றால் துறையை விட்டுக் கிளம்பும் முன்பே. வெளியே காற்று குறைவாக இருந்தால் அவிழ்த்து விரிப்பது சுலபம்.

ஆறாம் படி: குடும்பப் பயணம்

காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 4, அதாவது 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வரை குடும்பத்துக்கு. 5 என்றால் திசை சாதகமாக இருந்தால் மட்டும். 6-ல் பந்தயக் குழுவோடு போகலாம், பிள்ளைகளோடு போகக் கூடாது. ஃபோக்போட்டின் நீர்க்கோட்டு நீளம் 6 மீட்டர் என்பதால் அதன் உச்ச வேகமே சுமார் 6 நாட். பயணத் திட்டத்தை 4.5 நாட் என்று வைத்துப் போடுங்கள்.

ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, கவனிக்காத திட்டம் திட்டமே அல்ல. இங்கிலாந்துக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் இடையே உள்ள சோலன்ட் நீரிணையில் கௌஸிலிருந்து யார்மத் போவதாக வைத்துக்கொள்வோம், தூரம் சுமார் பத்துக் கடல் மைல். போர்ட்ஸ்மத் உச்ச ஓதத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு நீரோட்டம் மேற்கே திரும்பும். அதோடு கிளம்பினால் 2 நாட் ஓட்டம் உதவி, ஒன்றரை மணி நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். எதிர்த்துப் போனால் அதே தூரம் நான்கு மணி நேரம். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் கணக்கு மாறும்: காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதினால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். அப்படிப்பட்ட நாளில் சோலன்டின் மேற்கு வாயிலில் இருக்கும் ஹர்ஸ்ட் முனையைத் தாண்ட வேண்டாம்.

உயிர்க்காப்பு உடுப்பில் கால்களுக்கு இடையே போகும் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் நீரில் உடுப்பு மேலே ஏறி முகத்தை மூடும். தளத்தின் நீளத்துக்கு ஒரு பட்டையைக் கட்டி, பெரியவரோ சிறியவரோ முன்பக்கம் போகிறவர்கள் கயிற்றால் தங்களை அதில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆள் விழுந்தால் செய்வதை வருடத்துக்கு இருமுறை பழகுங்கள், ஒரு வாளியும் மிதவையும் சேர்த்துக் கட்டிக் கடலில் எறிந்து. ஒருவர் விரலை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு வேலை எதுவும் கூடாது. படகைத் திருப்பி அருகே போவது பயிற்சியில் வந்துவிடும். கடினமானது தூக்குவது. நனைந்த பெரியவரை இன்னொருவர் கையால் தூக்க முடியாது. நான்கு மடங்கு பலம் தரும் கப்பிக்கட்டு ஒன்றைப் பூமிலோ ஹால்யார்டிலோ மாட்டத் தயாராக வைத்திருங்கள். விஎச்எஃப் ரேடியோவின் சிவப்பு அபாயப் பொத்தானை எப்படி அழுத்துவது, சேனல் 16-ல் எப்படிப் பேசுவது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

உணவைப் பற்றி ஒரே சொல்: கிளம்பும் முன்பே சமைத்துவிடுங்கள். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கடலுக்கென்றே செய்தது போன்றவை. குமட்டல் வருபவரைச் சுக்கானில் உட்கார வைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அறைக்குள் அனுப்பாதீர்கள். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும்.

ஏழாம் படி: பந்தயத்துக்குள்

புதன்கிழமை மாலைப் பந்தயங்களில் தொடங்குங்கள். முதல் பருவத்தில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, தொடக்கக் கோட்டை நெரிசல் இல்லாத இடத்தில், சரியான நேரத்தில், முழு வேகத்தில் தாண்டுவது. இன்னொன்று, வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கிப் போகும் படகுக்கு இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகு விலகியே ஆக வேண்டும் என்ற விதி. திருப்ப மிதவையை நெருங்கும்போது மூன்று படகு நீளத்துக்குள் யாருக்கு இடம் தர வேண்டும் என்பதைப் பிறகு படிக்கலாம். பாய்மரக் கம்பிகளின் இறுக்கத்தை வகுப்பில் முன்னணியில் இருப்பவரிடமே கேளுங்கள். ஒன்-டிசைன் உலகில் அதை யாரும் ஒளிப்பதில்லை. புதுப் பாய் வாங்க அவசரப்பட வேண்டாம். அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்டினால் கிடைக்கும் வேகத்தைப் புதுப் பாய் முதல் ஆண்டில் தராது.

அடுத்தது ஒரு நாள் நீண்ட பந்தயம். 1931-ல் தொடங்கிய ஐல் ஆஃப் வைட் தீவைச் சுற்றும் பந்தயம், 50 கடல் மைல். இதன் தங்கக் கிண்ணத்தைப் பெரிய படகுகளைப் பின்தள்ளி கன்டெஸ்ஸா 26 ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கியிருக்கிறது.

அதற்கும் பிறகே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸுக்குப் போகும் இரவுப் பந்தயம். சிறிய படகுகளுக்கென்றே 1950-ல் உருவான ஜூனியர் ஆஃப்ஷோர் குரூப் நடத்துபவை இதற்குப் பொருத்தம். கௌஸிலிருந்து ஷெர்பூர் சுமார் 70 கடல் மைல், 5 நாட் வேகத்தில் பதினான்கு மணி நேரம். பந்தய அறிவிப்பில் உலகப் பாய்மரப் படகுச் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் எந்தப் பிரிவு என்று போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய கடுமை கூடும். அந்தப் பட்டியலை அச்சிட்டு, குளிர்காலத்திலேயே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். உயிர்காப்புத் தெப்பம், அபாயம் காட்டும் எரிவிளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு.

இரவில் நான்கு பேர் என்றால் இருவர் இருவராக மூன்று மணி நேரக் காவல். இறங்குபவர் உடனே படுத்துவிட வேண்டும், பேச்சுக்கு உட்காரக் கூடாது. கால்வாயின் நடுவே கப்பல்கள் வரிசையாக வரும். ஒரு கப்பலின் திசைகோணம் மாறாமல் அப்படியே நின்று, கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் பாதை. பந்தயத்தை மறந்து, அந்தக் கப்பலுக்குத் தெளிவாகத் தெரியும்படி பெரிதாகத் திரும்புங்கள்.

புயல் பிடித்தால் 1979 ஃபாஸ்ட்நெட் கற்றுத்தந்தது ஒன்று இருக்கிறது. அன்று 24 படகுகளைக் குழுவினர் கைவிட்டார்கள், மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை பிறகு மிதந்த நிலையில் கிடைத்தன. படகு காலடியில் மிதந்துகொண்டிருந்தால் தெப்பத்தில் இறங்காதீர்கள்.

எட்டாம் படி: மாற்றி மாற்றிப் பூட்டுவது

வெள்ளிக்கிழமை குடும்பப் படகு, சனிக்கிழமை பந்தயப் படகு என்று மாறுவது அரை மணி வேலையாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பொருள், கூடுதல் சங்கிலி, மடக்கு மேசை எல்லாம் இரண்டு பெட்டிகளில் அடங்கட்டும். பெட்டியைக் கரையில் வைத்துவிட்டுப் போங்கள். நங்கூரம், முதலுதவிப் பெட்டி, வகுப்பு விதி கேட்கும் சாமான் எதையும் இறக்காதீர்கள். எடை குறைந்த படகு பந்தயத்திலிருந்து நீக்கப்படலாம். நங்கூரம் இல்லாத படகு காற்று நின்ற நேரத்தில் நீரோட்டத்தோடு பின்னால் போகும், எதிரி நங்கூரமிட்டு அப்படியே நிற்பார்.

பழைய பாயைக் குடும்பத்துக்கு, நல்ல பாயைப் பந்தயத்துக்கு. நல்ல பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது வால்வுகளுக்குக் கிரீஸ் போட்டு, எஞ்சினில் நன்னீர் ஓடவிட்டு, பாய்மரத்தை இறக்கி, கம்பி முனைகளை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை அப்போதே ஆர்டர் செய்யுங்கள். மார்ச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் பாய்மரக் கடையில் வரிசை நீளமாக இருக்கும்.